குளிர்கிறது என்கிறான்

1

போன வாரம் என் வேலை பாஸைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். மலேசியாவுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. கைக்குழந்தையாகத் தூக்கி வந்த பையன் இப்போது என்னைவிட உயரம். காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு கிடைக்காவிட்டால் முகம் சுளிக்கக்கூடப் பழகிவிட்டேன். ஆனாலும் நான் இன்னும் இங்கே இருக்கலாமா என்று குடிநுழைவு அலுவலகத்தில் போய்க் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கிறது. எண் வரும்வரை பிளாஸ்டிக் நாற்காலி. எண் வந்ததும், புகைப்படத்தின் பின்னணி நிறம் சரியில்லை, கீழே போய் வேறு எடுத்து வாருங்கள் என்பார்கள். எடுத்து வந்தால் சாப்பாட்டு நேரம் என்று முகப்புக் கவுன்டரை மூடியிருப்பார்கள். இதற்கெல்லாம் கோபப்படாமலிருக்கக் கற்றுக்கொள்வதுதான் வெளிநாட்டு வாழ்க்கையில் பாதி. மீதிப் பாதியை நான் இன்னும் கற்கவில்லை.

இந்த முறை முகப்பில் இருந்தவள் சின்னப் பெண். முக்காடு போட்ட மலாய்ப் பெண், கன்னத்தில் குழி விழும் சிரிப்பு. டாக்டர் என்றால் எந்த டாக்டர் என்று கேட்டாள். என் மலாய் இன்னும் காய்கறிக் கடை மலாய்தான். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை என்பதை அதில் எப்படிச் சொல்வது? "ஒருவருடைய இரத்தத்தின் விதையை எடுத்து இன்னொருவருக்குள் நடுவேன்" என்று சொல்லிவைத்தேன். அவள் முத்திரைக் கட்டையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி யோசித்தாள். "நட்ட பிறகு அந்த ஆள் யார், டாக்டர்?" என்றாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், முத்திரை விழுந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே காரோட்டினேன். பக்கத்து இருக்கையில் ஒருவரும் இல்லை. ஊரில் இருக்கும் உங்களிடமாவது சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இதை நான் மருத்துவ மாநாட்டில் சொல்ல முடியாது.

2

என் கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரப் பொறியாளர். அதனால்தான் கோலசிலாங்கூரில் குடியிருக்கிறோம். நான் வேலை பார்க்கும் மருத்துவமனை தெற்கே, காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். என் நோயாளிகளில் பலர் எங்கள் பக்கத்துக்காரர்கள். தோட்டத் தொழிலாளர் லயங்களை இடித்த பிறகு மலிவு வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள். வந்த புதிதில் ஒரு தாதி காலையில் "பசியாறிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டதற்கு, "எனக்குப் பசியே இல்லையே" என்று பதில் சொன்னேன். காலைச் சாப்பாட்டைத்தான் கேட்கிறாள் என்று புரிய ஒரு வாரம் பிடித்தது. அதற்குள், திண்டுக்கல்லிலிருந்து வந்திருக்கும் டாக்டர் சாப்பிடவே மாட்டார் என்று வார்டு முழுக்கப் பேச்சு.

தேவி அப்படி லயத்திலிருந்து குடிவந்த குடும்பத்துப் பெண், என் நோயாளி. சுங்கை ஆயர் தாவார் பக்கம் வீடு. தஞ்சோங் காராங்கில் பாலர் பள்ளி ஆசிரியை. இருபத்தாறு வயதில் இரத்தப் புற்று. அப்பா இல்லை. அம்மா பாக்கியம் தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச் சாலையில் சமைப்பவர். அண்ணன் சுரேஷ், செம்பனைப் பழக்குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டுநர். உடன்பிறந்தவர்களில் நால்வருக்கு ஒருவர்தான் கொடையாளியாகப் பொருந்துவார் என்று நாங்கள் சொல்வோம். இவளுக்கு இருந்ததே ஒரு அண்ணன். அவன் பொருந்தினான்.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் கெட்ட மஜ்ஜையை மருந்தால் முழுக்க அழிப்போம். பிறகு கொடையாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த ஸ்டெம் செல்களை, சாதாரணமாக இரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுவோம். அவை தாமாக வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறும். புதிய இரத்தத்தை உண்டாக்கும். உள்ளூர் உடம்பு அவற்றை ஏற்க வேண்டும், வந்தவையும் உள்ளூர் உடம்போடு சண்டை பிடிக்காமல் இருக்க வேண்டும். இரண்டில் எது தவறினாலும் ஆபத்து. வருடா வருடம் பாஸ் புதுப்பிப்பவளுக்கு இது புரியாமல் இருக்குமா?

சுரேஷ் ஊசியைக் கண்டு பயப்படுகிற பெரிய ஆள். இரண்டு கையிலும் குழாய், பக்கத்தில் இரத்தத்தைச் சுற்றிச் சுற்றிப் பிரிக்கும் இயந்திரம். கண்ணை மூடிக்கொண்டு வாயை மட்டும் திறந்து வைத்திருந்தான்.

"டாக்டர், நான் வாரக் கடைசியில தண்ணி போடுறதெல்லாம் அவளுக்கும் போயிடுமா?"

"போகாது. உன் வாய் வேணா போகலாம்."

"ஐயோ, அது அவகிட்ட ஏற்கெனவே இருக்கு லா" என்றான். இங்கே பேச்சுக்குப் பேச்சு இந்த 'லா' ஒட்டிக்கொண்டுதான் வரும்.

அன்று தேவைக்கு மேலேயே செல்கள் கிடைத்தன. மிச்சத்தை உறைய வைத்துப் பத்திரப்படுத்தலாமா, பின்னால் நோய் திரும்பினால் உதவும் என்று கேட்டேன். "ஸ்பேர் டயர் மாதிரி. வச்சிக்குங்க டாக்டர்" என்றான். "ஆனா அம்மாகிட்ட சொல்ல வேணாம். நெறைய ரத்தம் உறிஞ்சிட்டாங்கன்னு அது பயப்படும். தேவிகிட்ட சொன்னாலும் அதுகிட்ட போயிடும்." நானும் சொல்லவில்லை.

தேவி பிழைத்தாள். ஓ வகையாக இருந்த அவள் இரத்தம் அண்ணனுடைய பி வகையானது. சோதித்தால் ஆணின் இரத்தம் என்று காட்டியது. "இனி இவளக் கடிக்கிற கொசுவுக்கெல்லாம் நான்தான் சாப்பாடு" என்று சுரேஷ் சிரித்தான். செல் ஏற்றிய நாளை எங்கள் தாதிகள் இரண்டாவது பிறந்தநாள் என்று கேக் வெட்டிக் கொண்டாடுவார்கள். முதல் வருடம் மெழுகுவத்தியை அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் ஊதினார்கள்.

3

அந்தக் கேக் வெட்டிய சில மாதங்களிலேயே சுரேஷ் செத்துப்போனான். தஞ்சோங் காராங் வயல்களுக்கு ஓரமாக வாய்க்கால் போகிறது, அதையொட்டிய ரோட்டில் மாலை மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிவிட்டது. வாய்க்காலில் கிடந்தவனை விடிந்த பிறகுதான் கண்டெடுத்தார்கள். தகனம் செய்து, சாம்பலைக் கோலசிலாங்கூர் கழிமுகத்தில் கரைத்தார்கள். நான் போயிருந்தேன். தேவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தன் மணிக்கட்டை மறுகையால் பிடித்துக்கொண்டு, நாடி பார்ப்பவளைப் போல நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கடுத்த மாதம் வழக்கமான சோதனைக்கு வந்தாள். அவள் இரத்தத்தில் எவ்வளவு அண்ணனுடையது, எவ்வளவு அவளுடையது என்று பார்க்கும் சோதனை. முடிவு முன்பு போலவேதான். முழுவதும் கொடையாளியுடையது, நல்ல நிலையில் உள்ளது. அதில் கையெழுத்துப் போடும்போது எனக்கு விரல் ஒரு கணம் நின்றது. எத்தனையோ பேருக்குப் போட்ட கையெழுத்து. செத்தவன் நல்ல நிலையில் இருப்பதாக முதன்முதலாகப் போட்டேன்.

அன்றுதான் பாக்கியம் அக்கா அந்தப் பேச்சை எடுத்தார்.

"டாக்டரம்மா, சுரேசு வர்றான்."

"எங்கே அக்கா?"

"கனவுலதான். வாசல்ல வந்து நிக்கிறான். உள்ள வாடான்னா வரமாட்டேங்கிறான். அம்மா குளுருது, தாங்க முடியலங்கிறான்."

தேவி குறுக்கிட்டாள். "வாய்க்கால்ல விடிய விடிய கெடந்தாரு இல்ல டாக்டர், அதான் அம்மாவுக்கு அப்படித் தோணுது."

அதற்கு வேண்டியதை எல்லாம் செய்துவிட்டதாகப் பாக்கியம் அக்கா சொன்னார். பூசாரி சொன்னபடி வாய்க்கால் ஓரத்தில் கம்பளி விரித்து, சுடச்சுட மைலோ பானமும் அவன் குடிக்கும் சிகரெட்டும் படைத்து, நெருப்பு மூட்டிக் கும்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்கும் வந்திருக்கிறான்.

"நெருப்புல வச்ச புள்ளைக்கு எப்படிம்மா குளுரும்?" என்று என்னைக் கேட்டார். "இது தண்ணிக் குளுரு இல்லம்மா. தண்ணியில கெடந்தா நடுங்கணும்ல? இவன் நடுங்கல. கட்டையாட்டம் நிக்கிறான். கண்ணு எமகூட அசையல. வாயத் தொறந்தா வெள்ள வெள்ளையா பொகை வருது. கீழ எறங்குது அந்தப் பொகை, மேல போவல."

சுரேஷின் மிச்சச் செல்களை நாங்கள் திரவ நைட்ரஜன் தொட்டியில்தான் உறைய வைத்திருந்தோம். திரவ நைட்ரஜனின் ஆவி மேலே எழாது. தொட்டியின் விளிம்பில் வழிந்து தரையை நோக்கி இறங்கும். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாக்கியம் அக்கா அந்தத் தொட்டி இருக்கும் மாடிக்கே வந்ததில்லை.

4

நான் விஞ்ஞானம் படித்தவள். வீடு போய்ச் சேர்வதற்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டேன். கோலசிலாங்கூரில் மீன் இறக்கும் துறையில் ஐஸ் பெட்டியைத் திறந்தால் புகை கீழேதான் வழிகிறது, அதைப் பார்த்திருப்பார். அல்லது தொலைக்காட்சியில் பார்த்திருப்பார். காரணம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் பட்டப்பகலில், இருப்பைச் சரிபார்க்கிறேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டுச் சேமிப்பறைக்குப் போனேன்.

அங்கே இடுப்பளவு உயரமுள்ள எஃகுத் தொட்டிகள் வரிசையாக நிற்கும். கனமான கையுறை போட்டுக்கொண்டு மூடியைத் தூக்கினேன். வெள்ளை ஆவி விளிம்பில் வழிந்து என் செருப்பைத் தொட்டது. அடுக்கை மெதுவாக உயர்த்தினேன். தட்டையான உலோக உறைக்குள் உள்ளங்கையளவு பை. எண், பெயர். அவன் சிரிக்கச் சிரிக்க விட்டுப்போன ஸ்பேர் டயர். சாகவும் இல்லை, வாழவும் இல்லை. சூடு கிடைத்தால் எழுந்துகொள்ளும். நான் என்னையறியாமல் "கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டேன். தமிழில் சொன்னேன். பிறகு வெட்கமாக இருந்தது, மூடிவிட்டு வந்தேன்.

அந்தக் குளிர் எனக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அப்பா இறந்தபோது ஊரிலிருந்து தம்பி அழைத்துச் சொன்னான். டிக்கெட் கிடைத்து, பாஸ் விவகாரத்தில் ஒரு கையெழுத்துக்காக ஒரு நாள் போய், நான் திண்டுக்கல் சேர்வதற்குள் அப்பா மூன்று நாளாக வாடகைக்கு எடுத்த கண்ணாடிக் குளிர்பெட்டியில் காத்திருந்தார். வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீட்டுக்கெல்லாம் இப்போது அந்தப் பெட்டி வருகிறது, உங்களுக்குத் தெரியும். கண்ணாடியில் நீர் பூத்திருந்தது. அத்தை துண்டால் துடைத்து, "பாரு, உனக்காகத்தான் இருக்காரு" என்றாள். மூடியைத் திறந்து நெற்றியைத் தொட்டேன். அந்தக் குளிர் விரலை விட்டுப் போகப் பல நாளாயிற்று. என் வசதிக்காக ஒரு மனிதரைக் குளிரில் வைத்திருந்தார்களே என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

என் பையனுக்கு அப்போது நாலு வயது. இப்போது அவனுக்குத் தமிழ் புரியும், பேசமாட்டான். நண்பர்களோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவான், என்னோடு தோளைக் குலுக்கிப் பேசுவான். சேமிப்பறைக்குப் போய்வந்த அன்று இரவு, சாப்பாட்டு மேசையில் நான் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "மம்மி, ஆர் யூ ஓகே?" என்றான். தாத்தாவை நினைத்துக்கொண்டேன் என்றேன்.

"ஓ, தாத்தா. தி ஒன் இன் த ஃப்ரிட்ஜ், ரைட்?"

அவனுக்குத் தாத்தாவைப் பற்றி அது ஒன்றுதான் நினைவிருக்கிறது. திட்ட வாயெடுத்தேன். சாம்பார்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினேன்.

5

பாக்கியம் அக்காவிடம் பையைப் பற்றிச் சொல்லாமலே இருந்திருப்பேன். சொல்லும்படி ஆயிற்று. தேவியின் அடுத்த சோதனையில் அண்ணனின் பங்கு குறையத் தொடங்கியிருந்தது. அவளுடைய பழைய செல்கள் எங்கோ எலும்பின் மூலையில் ஒளிந்திருந்து மெல்லத் தலைதூக்கியிருந்தன. அவற்றோடு நோயும் வரும். விட்டால் சில வாரங்களில் முழுக்கத் திரும்பிவிடும். வழி இருந்தது. உறைய வைத்த பையை எடுத்து உருக்கி ஏற்றினால், சுரேஷின் செல்கள் போய்ப் பழையவற்றை அடித்து விரட்டக்கூடும். வேறு கொடையாளி இல்லை, சுரேஷிடமிருந்து இன்னொரு முறை எடுக்கவும் முடியாது. இருப்பது அந்த ஒரே பை.

இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். தேவி ஒரு பெருமூச்சு விட்டாள். பாக்கியம் அக்காவோ நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"எங்கம்மா வச்சிருக்கீங்க அவன?"

"அவன் இல்லை அக்கா, அவனோட இரத்தச் செல்கள். மேல் மாடியில ஒரு தொட்டியில."

"அங்க குளுருமா?"

பொய் சொல்லத் தோன்றியது. "குளிரும் அக்கா. எந்த ஊர்க் குளிரும் அதுக்கு ஈடாகாது" என்றேன்.

அவர் என்மீது கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அப்ப புள்ள பொய் சொல்லல" என்று மட்டும் சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்து அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

"சூடு பண்ணிட்டா அப்புறம் வரமாட்டான்ல?"

நான் சம்மதப் படிவத்தையும் பேனாவையும் தேவி பக்கம் நகர்த்தினேன்.

"குளுருதுன்னுதானம்மா வர்றான். குளுரு போயிட்டா எதுக்கு வருவான்? அவன் மொகத்தப் பாக்குறதுக்கு எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு. கொஞ்ச நாளு போகட்டுமே. அடுத்த மாசம் செய்யக் கூடாதா?"

அடுத்த மாதம் பயனில்லை என்றேன். சட்டப்படி தேவியின் சம்மதம் போதும், அவள் படித்த பெண், வயது வந்தவள். ஆனால் தேவி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அம்மா சொல்லாமல் செய்யமாட்டேன் என்றாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர்கள் போன பிறகு மேசை நாட்காட்டியைக் குப்புறக் கவிழ்த்தேன். கனவுக்காக ஒரு பெண்ணைச் சாகவிடுவார்களா என்று புலம்பினேன். ஆனால் அப்பாவின் குளிர்பெட்டியை மூன்று நாள் திறக்காமல் வைத்திருந்தது யாருக்காக என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

நான்கைந்து நாள் போயிற்று. தொலைபேசினால் தேவி எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை, நானே சுங்கை ஆயர் தாவாருக்குக் கிளம்பினேன். டாக்டர்கள் செய்யக் கூடாத காரியம்தான். சபாக் பெர்ணம் பக்கம் போகப் போகத் தென்னையும் செம்பனையும்தான், வீடுகள் குறைந்துகொண்டே வரும். அவர்கள் வீட்டு வாசலில், கதவுக்கு வெளியே, கம்பளி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் மூடி போட்ட மைலோ டம்ளர். தொட்டேன், சூடாக இருந்தது. நான் அதைத் தாண்டாமல் ஓரமாகச் சுற்றி உள்ளே போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள்.

தேவி சோபாவில் படுத்திருந்தாள். உதடு வெளுத்துக் கிடந்தது. பாக்கியம் அக்கா எனக்குத் தேத்தண்ணி கலக்கப் போனார். சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தேவி எழுந்து உட்கார்ந்து, அடக்கி வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கத்தினாள்.

"அம்மா! நான் இன்னும் உயிரோட இருக்கேன் லா! தெனமும் வாசல்ல மைலோ வைக்கிற, நான் பசியாறினேனான்னு ஒரு நாளு கேட்டியா? நானும் செத்துட்டா எங்க வருவேன் தெரியுமா? அதே வாசலுக்குத்தான் வருவேன். ரெண்டு பேரும் சேந்து வந்து நிப்போம். நல்லா மொகத்தப் பாத்துக்கிட்டே இரு!"

கரண்டிச் சத்தம் நின்றது. பாக்கியம் அக்கா வெளியே வந்தார், கையில் டம்ளர் இல்லை. மகள் காலடியில் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்டி. நீ வராத. அவனச் சூடு பண்ணச் சொல்லு."

6

அடுத்த வாரமே செய்தோம். பையைக் கட்டிலருகே கொண்டுவந்து, உடம்பளவு சூடுள்ள நீரில் மிதக்கவிட்டோம். பழுப்புக் கலந்த சிவப்பில் கல்லாக இருந்தது ஓரத்திலிருந்து நெகிழ்ந்து தளும்பத் தொடங்கியது. பாக்கியம் அக்கா முகக்கவசத்துக்கு மேலே கண்ணை மட்டும் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவை தொடட்டுமா என்று கேட்டார். விதிப்படி கூடாது. கையுறை மாட்டிவிட்டு, வெளி உறையின் மேல் விரல் வைக்க விட்டேன்.

"சூடாயிட்டான்" என்றார்.

குழாய் வழியாக எல்லாம் இறங்கிப் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. தேவி லேசாக இருமினாள். அப்போது அறையில் அந்த வாசனை எழுந்தது. செல்கள் உறையும்போது உடையாமலிருக்க நாங்கள் ஒரு மருந்து சேர்ப்போம். அது நோயாளியின் மூச்சில் ஓரிரு நாள் வெளியேறிக்கொண்டிருக்கும், வேக வைத்த சோளம் போல மணக்கும். எங்களுக்குப் பழகிய வாசனை. பாக்கியம் அக்கா திரும்பிக் கதவைப் பார்த்தார்.

"யாரு சோளம் திங்கிறா?"

"அது மருந்து வாசனை அக்கா."

"வேலை முடிஞ்சு வரும்போது தெனம் செக்கிஞ்சான் ரோட்டுல சோளம் வாங்கித் தின்னுட்டுத்தான் வருவான். வாயெல்லாம் இதே வாசம்" என்றார். நான் மறுபடியும் மருந்து என்றேன். டாக்டர் சொல்லும்போது தலையாட்ட வேண்டும் என்பதற்காக மக்கள் தலையாட்டுவார்களே, அப்படி ஆட்டினார்.

சில வாரம் பயமாகத்தான் இருந்தது. அண்ணனின் செல்கள் பழைய செல்களை விரட்டியதோடு தங்கையின் தோலையும் வாயையும் சேர்த்துத் தாக்கின. உடம்பெல்லாம் தடிப்பு, நாக்கில் புண். "உயிரோட இருக்கும்போதும் இப்படித்தான் டாக்டர் அடிப்பாரு" என்று தேவி வலியிலும் சொன்னாள். மருந்து கொடுத்து அடக்கினோம். மெல்ல மெல்லச் சோதனையில் அவன் பங்கு ஏறி, மறுபடியும் முழுமையானது. நோயின் சுவடு இல்லை.

கனவு அன்றோடு நின்றுவிட்டது. பாக்கியம் அக்காவே சொன்னார். நல்லதுதானே அக்கா என்றேன். "நல்லதுதாம்மா" என்றார். "வாசலுதான் காலியா கெடக்கு." இளைத்துப்போயிருந்தார். தேவிக்குச் சதை பிடித்திருந்தது, பள்ளிக்குத் திரும்பியிருந்தாள். என் வேலையில் இதை வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும், நானும் சொல்லிக்கொண்டேன்.

7

பாஸ் புதுப்பித்து வந்த மறுநாள் அவர்கள் இருவரும் சோதனைக்கு வந்தார்கள். முடிவு நன்றாக இருந்தது. பாக்கியம் அக்கா மகளை மருந்து வாங்கி வர அனுப்பிவிட்டு, கதவு மூடியதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, மறுபடி வந்தான்."

"குளிருதுன்னானா?"

"ஆமா. முன்ன மாதிரி இல்ல, கொஞ்சமாத்தான் குளுருதுன்னான். பொகையும் இல்ல." நிறுத்திவிட்டு, தரையிலிருந்து கையால் ஒரு உயரம் காட்டினார். என் மேசைக்குப் பாதிகூட இல்லை. "ஆனா சின்னப் புள்ளையா வந்தாம்மா. இத்தனூண்டு. ரெண்டு வயசுல இருந்த மாதிரி."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் கொடையாளியிடமும் ஆரம்பத்திலேயே கொஞ்சம் இரத்தம் எடுத்து, விரல் கணுவளவு குழாயில் அடைத்து வைப்போம். அதைத் தொட்டியில் வைப்பதில்லை, சாதாரண உறைபெட்டியில் வைப்போம். அங்கேயும் குளிர்தான், ஆனால் தொட்டியின் குளிரில் பாதிகூட இருக்காது. தேவியின் இரத்தத்தைச் சோதிக்கும்போதெல்லாம் அதிலிருந்து துளி எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் எது அண்ணனுடையது, எது அவளுடையது என்று அறிகிறோம். இதை நாங்கள் எந்தக் குடும்பத்திடமும் பேசுவதில்லை. எங்களுக்கு அது அளவுகோல், அவ்வளவுதான். நானே அதை மறந்துபோயிருந்தேன்.

"மிச்சம் ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இருக்கு அக்கா." சுண்டுவிரல் நுனியைக் காட்டினேன். "இவ்வளவுதான்."

அவர் அழுவார், அதையும் எடுத்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். எடுக்கச் சொன்னால் என்ன செய்வது என்று மனம் பதறியது. அவர் கேட்டது வேறு.

"அது எதுக்கு?"

"தேவிக்கு நோய் திரும்புதான்னு பார்க்க. அது இருந்தாத்தான் முன்கூட்டியே சரியா சொல்ல முடியும்."

"எத்தன நாளைக்கு வச்சிருப்பீங்க?"

"அவ இருக்கற வரைக்கும் அக்கா."

பாக்கியம் அக்கா தேவி வெளியேறிய கதவைப் பார்த்தார். வெளியே வராந்தாவில் தேவி யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது.

"அப்ப இருக்கட்டும்" என்றார். "நான் அவன்கிட்ட சொல்லிக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கடா அய்யா, தங்கச்சிக்காகத்தான்னு சொல்றேன். சின்னப் புள்ளதான? பெரியவனா இருந்தா வம்பு பண்ணுவான். சின்னப் புள்ள, சொன்னா கேப்பான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் அழக் கூடாது என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவர் அழவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தவர், கதவுப் பிடியில் கை வைத்தபடி திரும்பினார்.

"அந்தப் பெட்டி எங்க வீட்டுலேந்து எந்தத் தெசையில இருக்கும்மா? எந்தப் பக்கம் பாத்துச் சொல்றதுன்னு தெரியணும்ல."

நான் மனதுக்குள் ரோட்டை ஓட்டிப் பார்த்தேன். சுங்கை ஆயர் தாவார், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர், அதையும் தாண்டி நகரத்துக்கு இறங்கும் நெடுஞ்சாலை.

"தெற்கே, அக்கா" என்றேன். சொல்லிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. செத்தவர்களின் திசை எது என்று திண்டுக்கல்காரிக்குத் தெரியாதா?

பாக்கியம் அக்கா ஆச்சரியப்படவில்லை.

"எங்க வாசல் தெக்க பாத்த வாசல்தாம்மா" என்று சொல்லிவிட்டு, மகளைத் தேடி வராந்தாவுக்குப் போனார்.